கூடம் கோணல்தான்

ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. அடுத்த ஊர் ராய்ப்பூர். இதோடு ஏழாவது ஊர். பேங்க்காரன் வீட்டில் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட மாட்டார்கள் என்பது இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும். மிக்சி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி எல்லாம் தெர்மோகோலோடு பரணில் தூங்கும். மூணு வருஷத்துக்கு ஒருமுறை எழுப்புவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனுடைய மானிட்டர் பெட்டியை இறக்கினேன். தெர்மோகோலைத் திருப்பினால், அடிப்பக்கத்துப் பள்ளத்தில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் ஒரு கேபிள். இரண்டு முனையிலும் ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியிருந்தது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும்.

பன்னிரண்டாவது முடித்ததும் பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 27 அங்குல மானிட்டர், 165 ஹெர்ட்ஸ். பாதி என் பணம், பாதி அவன் ஆச்சி ஊரிலிருந்து கொடுத்த பணம். பெட்டி வந்த அன்று அவன் காலேஜ் அட்மிஷனுக்குப் போயிருந்தான். நானே பிரித்து, நானே மாட்டினேன். கேபிள் எதுவும் கண்ணில் படவில்லை. செட் டாப் பாக்ஸில் இருந்த பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளை உருவிச் செருகினேன். படம் வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஊதுபத்தியும் காட்டியாகிவிட்டது.

ரெண்டு நாளில் பையன் வந்தான். "அப்பா, இது 60-லதான் ஓடுது. 144 போட்டா ஸ்க்ரீன் கருப்பாயிருது."

கேபிளாக இருக்கும் என்று லேமிங்டன் ரோடுக்குக் கூட்டிப் போனேன். க்ரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வரிசையாகக் கடைகள். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டின் மும்பை அண்ணன். சிபியூ சுவரின் அந்தப் பக்கம் இருக்கிறதே, கேபிள் சுவரோரமாக அழகாகச் சுற்றி வரட்டும் என்று ஐந்து மீட்டர் கேட்டேன். '8கே, 2.1' என்று தங்க எழுத்தில் அச்சடித்த ஒன்றைக் கொடுத்தார் கடைக்காரர். கொண்டுவந்து மாட்டினோம். திரும்பவும் கருப்பு.

கேபிளையும் மாற்றியாச்சு. அப்புறம் யார் தப்பு? "நீ எதையாச்சும் நோண்டியிருப்ப" என்றேன். அடுத்த வாரம் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, மானிட்டர் சரியாக இல்லை என்று மறுபடி சொன்னபோது, திருநெல்வேலி பேச்சு எனக்குத் தானாக வந்துவிட்டது. "ஏல, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." தங்கமணிகூட முறைத்தாள். பையன் அதற்கப்புறம் மானிட்டரைப் பற்றிப் பேசவே இல்லை. பதினோரு மாதம் 60-லேயே ஓட்டினான்.

பரணிலிருந்து இறங்கிய கேபிள்தான் அந்தப் பதினோரு மாதத்துக்கும் பதில். ஐந்து நாளாக ராத்திரி உட்கார்ந்து இந்தக் கேபிள்களின் பூர்வீகத்தைப் படித்தேன். பி.காம். படித்தவனுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். படித்த பிறகு எனக்குத் தோன்றியது, இது எலக்ட்ரானிக்ஸ் கதையே இல்லை, வியாபாரக் கதை.

முதலில் அந்த 60 எங்கிருந்து வந்தது? வீட்டுக் கரண்டிலிருந்து.

டிவி பிறந்த காலத்தில், படம் காட்டும் வேகத்தை அந்த ஊர் மின்சாரத்தோடு சேர்த்தே வைத்தார்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால், மின்சாரத்தின் இரைச்சல் படத்தில் பட்டையாக ஏறி மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதனால் 1941-ல் அங்கே வந்த டிவி தர விதியில் நொடிக்கு 60 முறை. இங்கிலாந்தில் 50 ஹெர்ட்ஸ். பிபிசி 1936-ல் ஒளிபரப்பு ஆரம்பித்தது நொடிக்கு 50 முறை. நம் ஊர் மின்சாரமும் 50 என்பதால் தூர்தர்ஷன் 50-ஐப் பிடித்துக்கொண்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை நாம் கலரில் பார்த்தது அந்த ஐம்பதில்தான்.

கம்ப்யூட்டர் வந்தபோது இந்த இரண்டு எண்ணும் கூடவே வந்தன. 1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்றபோது இரண்டு வகை டிஸ்ப்ளே அட்டை கொடுத்தது. கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பச்சை எழுத்து மட்டும் காட்டும் எம்டிஏ. படம் வேண்டும் என்கிறவர்களுக்கு சிஜிஏ. சிஜிஏ நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. எம்டிஏ 50 முறைதான். அந்தப் பச்சைத் திரையின் பாஸ்பர் பூச்சு மெதுவாக அணைகிற ரகம். அதனால் 50 இருந்தும் கண் கூசாது. ஆனால் பக்கம் உருளும்போது எழுத்துக்குப் பின்னால் பச்சை நிழல் இழுத்துக்கொண்டு வரும். நான் சேர்ந்த காலத்துக்கு முன்பே அது போய்விட்டது. என் முதல் மேனேஜர் சொல்லிக் கேட்டதுதான். 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு கிளைகளில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்ததையும், யூனியன் கூட்டங்கள் நடந்ததையும் அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார்.

இந்த எம்டிஏ, சிஜிஏ இரண்டுக்கும் ஒன்பது ஊசி வைத்த ஒரே மாதிரித் துளை. தப்பான மானிட்டரை மாட்டினால் மானிட்டரே கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. ஆக, 'உள்ளே போகுது, அப்ப சரிதான்' என்கிற மயக்கம் 1981-லேயே ஆரம்பித்துவிட்டது. நான்தான் முதல் ஏமாளி என்றில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல் :-)

1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு விஜிஏ என்பதைக் கொண்டுவந்தது. நீல நிற முனை, மூன்று வரிசையில் பதினைந்து ஊசி, இரண்டு பக்கமும் திருகு. நம் கிளைகளில் இன்றும் ஏதோ ஒரு ப்ரொஜெக்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்குமே, அதேதான். (அந்த நீல நிறம் பின்னால் வந்த வழக்கம்.) 640-க்கு 480 புள்ளி, நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 1.84 கோடி புள்ளி. ஆனால் அட்டை ஓடியதோ நொடிக்கு 2.5175 கோடி புள்ளி வேகத்தில். மீதி எங்கே போனது? ஒரு வரி வரைந்து முடித்த எலக்ட்ரான் கற்றை, திரும்ப இடது ஓரத்துக்கு வர வேண்டாமா? கீழே போய் முடித்ததும் மேலே ஏற வேண்டாமா? அந்தத் திரும்பும் நேரத்துக்கான செலவு அது. இந்தச் செலவு, சின்னதாகவேனும், எல்.சி.டி. காலத்திலும் போகவில்லை. திரும்பி வரக் கற்றையே இல்லை, ஆனாலும் பழைய வழக்கம் பாக்கி நிற்கிறது.

விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏற்ற இறக்கமுள்ள மின்னழுத்தமாகப் போகும். அதனால் கேபிள் மட்டமாக இருந்தால் படம் மட்டமாகும். எழுத்துக்குப் பக்கத்தில் பேய் மாதிரி இன்னொரு எழுத்து நிற்கும். கேபிள் முனைக்குப் பக்கத்தில் ஒரு குண்டு இருக்குமே, ஞாபகம் இருக்கா? அது இரைச்சலை வடிகட்டும் ஃபெரைட் உருளை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்குள் ஏதோ பேட்டரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்து கேபிளில் ஒரு நேர்மை இருந்தது. கெட்டது என்றால் கெட்டதாகவே காட்டும்.

ரிஃப்ரெஷ் ரேட் என்பதைப் பற்றி அன்றைக்குக் கவலைப்பட்டவர்கள் ஆட்டக்காரர்கள் இல்லை, நம்மைப் போல நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்த குமாஸ்தாக்கள். குண்டு மானிட்டரில் கற்றை பட்ட இடம் உடனே மங்கத் தொடங்கும். 60 முறை புதுப்பித்தால் கடைக்கண்ணில் துடிப்பு தெரியும். சாயங்காலம் தலைவலி. 75, 85 என்று ஏற்றினால் நிம்மதி. ஸ்வீடனில் அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டிசிஓ, 1992-ல் மானிட்டர்களுக்கு ஒரு தரச் சான்றே கொண்டுவந்தது. பிறகு 95, 99. பழைய மானிட்டர்களின் முகப்பில் 'டிசிஓ 99' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒரு யூனியனின் வேலை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சந்தா கட்டினதற்கு அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

பிறகு தட்டை மானிட்டர் வந்தது, எல்லோரும் மறுபடி 60-க்கு இறங்கினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எல்.சி.டி.யில் புள்ளி அணையாது, அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். துடிப்பு இல்லை, தலைவலி இல்லை. ஆனால் நகரும் பொருள் கொஞ்சம் கலங்கித் தெரியும். எக்செல் ஷீட் நகரப் போவதில்லையே, நமக்கென்ன?

தட்டை மானிட்டருக்கு டிஜிட்டல் கேபிள் தேவைப்பட்டது. 1999 ஏப்ரலில் டிவிஐ வந்தது. இன்டெல், காம்பாக், ஃபுஜிட்சு, ஹெச்பி, ஐபிஎம், என்ஈசி, சிலிக்கான் இமேஜ் ஆகியவை சேர்ந்த ஒரு கூட்டணியின் வேலை. வெள்ளை நிற அகல முனை. இங்கேதான் முதல் முறையாக 'பார்க்க ஒன்று, உள்ளே வேறு' என்கிற கதை முழு வேகத்தில் ஆரம்பிக்கிறது.

டிவிஐயில் சிங்கிள் லிங்க், டூயல் லிங்க் என்று இரண்டு. சிங்கிள் லிங்க்கில் நொடிக்கு 16.5 கோடி புள்ளி போகும். 1920-க்கு 1080 திரையில் 60 முறை என்றால் 12.44 கோடி, தாராளமாக அடங்கும். டூயல் லிங்க்கில் இன்னும் மூன்று ஜோடிக் கம்பிகள் சேர்ந்து அதைப் போல இரண்டு மடங்கு. முனையைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சிங்கிள் லிங்க்கில் நடுவில் ஆறு ஊசி இருக்காது. அந்த ஆறு ஊசியும் அதற்கான கம்பியும் மிச்சம், கேபிள் மலிவு. பத்து வருஷம் யாருக்கும் அந்த ஆறு ஊசி தேவைப்படவில்லை, பெரிய 30 அங்குலத் திரை வைத்திருந்த சிலரைத் தவிர.

2009 தொடக்கத்தில் என்விடியா கம்பெனி முப்பரிமாணக் கண்ணாடி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம், மாற்றி மாற்றி. ஒரு கண்ணுக்கு 60 என்றால் மொத்தம் 120. அதற்காகவே 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி. மானிட்டர்கள் வந்தன. சாம்சங்கின் 2233ஆர்இசட் அதில் ஒன்று. 120 வேண்டுமானால் டூயல் லிங்க் கேபிள் கட்டாயம். வீட்டில் கிடந்த சிங்கிள் லிங்க் கேபிளை மாட்டினவர்களுக்குப் படம் வந்தது, 120 வரவில்லை. என் கதைதான், பதினாறு வருஷம் முன்னால்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் என்னவென்றால், முப்பரிமாணக் கண்ணாடி படுத்துவிட்டது. 2019-ல் என்விடியாவே அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா ஆடிப் பார்த்த பையன்கள், திரை வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாணம் நின்றாலும் பந்தி நடந்தது மாதிரி. 2012-ல் ஏசுஸ் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கொண்டுவந்தது. அதற்கப்புறம் 165, 240, 360 என்று ஏலம் போய்க்கொண்டே இருக்கிறது.

இதற்கிடையில் டிவிக்காரர்கள் தனியாக ஒரு கேபிள் செய்தார்கள். 2002 டிசம்பரில் ஹெச்டிஎம்ஐ. ஹிட்டாச்சி, மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்), பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு பேர். பெரும்பாலும் டிவி, டிவிடி பிளேயர் விற்கிறவர்கள். உள்ளே போவது டிவிஐயின் அதே சமிக்ஞைதான். கூடவே ஒலி, சினிமாக் கம்பெனிகள் கேட்ட திருட்டுத் தடுப்புப் பூட்டு, சின்ன முனை. கம்ப்யூட்டர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெசா என்கிற அவர்கள் சங்கம் 2006-ல் டிஸ்ப்ளேபோர்ட் என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. இது இணையத்தில் தகவல் போவது மாதிரி பொட்டலம் பொட்டலமாக அனுப்பும் முறை. முனையில் ஒரு மூலை சாய்ந்திருக்கும். அழுத்தினால் விடும் கொக்கி ஒன்று இருக்கும்; அழுத்தாமல் இழுத்தால் துளையோடு கையில் வரும்.

பணக் கணக்கைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ செய்கிற கம்பெனி ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கருவிக்கும் 15 சென்ட். முத்திரையை ஒழுங்காகப் போட்டால் 5 சென்ட். திருட்டுத் தடுப்புப் பூட்டும் வைத்தால் 4 சென்ட். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வெசா தன் பங்குக்கு அப்படித் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதில்லை. டிவியில் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருப்பதும், ஆட்டத்துக்கான மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கே முதல் மரியாதை கிடைப்பதும் இந்த இரண்டு சாதிச் சண்டையின் மிச்சம். நடுவில் மாட்டிக்கொண்டது நாம்.

இப்போது என் வீட்டுக் கணக்கு. 2560-க்கு 1440 திரை, 165 முறை. நொடிக்கு 60.8 கோடி புள்ளி. புள்ளிக்கு 24 பிட் என்றால் சுமார் 1,460 கோடி பிட். மானிட்டரில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை 2.0, அதாவது 2013-ல் வந்த பதிப்பு. விளம்பரத்தில் 1,800 கோடி பிட் என்று போட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு எட்டு பிட்டையும் பத்து பிட்டாக்கி அனுப்புவது அதன் முறை, வழியில் தப்பு வராமல் இருக்க. ஆக, கிராஸ் சம்பளம் 1,800, பிடித்தம் போக நெட் 1,440. பி.எஃப். பிடிக்கிற மாதிரிதான். 1,460 எப்படி 1,440-க்குள் போகும்? போகாது. அதனால்தான் அந்தத் துளையில் உச்சம் 144. அதற்கு வேண்டியது சுமார் 1,274 கோடி, திரும்பும் நேரச் செலவையும் சேர்த்து அடங்கிவிடும். 165 வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட். 2010-ல் வந்த 1.2 பதிப்பிலேயே நெட் 1,728 கோடி.

அப்படியானால் 144-ஆவது வந்திருக்க வேண்டுமே, ஏன் கருப்பு? இங்கேதான் கேபிள்.

2002 முதல் இன்றுவரை ஹெச்டிஎம்ஐ முனை மாறவே இல்லை. அதே பத்தொன்பது ஊசி. இது பெரிய வசதி, அதே அளவு பெரிய வம்பு. 2006-ல் 1.3 பதிப்பு 1,020 கோடி பிட்டுக்கு ஏறியது. 'ஹை ஸ்பீடு' என்று பெயர் வாங்கிய கேபிள்கள் அந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை. 2013-ல் 1,800 கோடி வந்தபோது, அதே ஹை ஸ்பீடு கேபிள் போதும் என்றார்கள். நல்ல கேபிள் தாங்கியது, சுமாரான கேபிள் படுத்தது. 2015-ல் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' என்று தனிச் சான்று கொண்டுவர வேண்டியதாயிற்று. 2017-ல் 2.1 பதிப்பு, 4,800 கோடி. அதற்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. என் செட் டாப் பாக்ஸ் கேபிள் இதெல்லாம் வருவதற்கு முன்னால் வாங்கியது. டிவிக்கு வேண்டிய முந்நூறு கோடியைச் சுமந்து பழகின மாட்டின் மேல் ஆயிரத்து முந்நூறு கோடியை ஏற்றினால் என்ன செய்யும், உட்கார்ந்துவிடும்.

இன்னொரு சூட்சுமம். கம்ப்யூட்டரில் 144 என்று பட்டியலில் வந்ததே, அது யார் சொல்லி வந்தது? மானிட்டர் சொல்லி வந்தது. 1994-லிருந்து மானிட்டர்கள் 'நான் இன்ன ரெசல்யூஷன், இன்ன ரேட் தாங்குவேன்' என்று கேபிள் வழியாகவே கம்ப்யூட்டரிடம் சொல்ல வழி செய்யப்பட்டது. நடுவில் இருக்கும் சாதாரணக் கேபிள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடன் கேட்கிறவர் ஜாதகம் இருக்கிறது, கொடுக்கிறவர் ஜாதகம் இருக்கிறது, ஜாமீன்தாரருக்கு மட்டும் கே.ஒய்.சி. இல்லை. டிஜிட்டல் என்பதால் கேபிள் கொஞ்சம் மட்டம் என்றால் படம் கொஞ்சம் மங்காது. வந்தால் முழுசாக வரும், இல்லை புள்ளி புள்ளியாக மினுக்கும், இல்லை கருப்பு. 60-ல் அருமையாகப் படம் காட்டியதால் நான் அந்தக் கேபிளைச் சந்தேகப்படவே இல்லை.

சரி, தங்க எழுத்துக் கேபிள்? கேபிளின் மேல் '2.1' என்று பதிப்பு எண் போடக்கூடாது என்பது ஹெச்டிஎம்ஐ அமைப்பின் விதி. வேகப் பெயரைத்தான் போட வேண்டும். அசலான அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள் பெட்டியில் ஸ்கேன் செய்து பார்க்கும் சான்றுச் சீட்டு ஒட்டியிருக்கும். என்னுடையதில் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தது. ஆயிரம் ரூபாய் டிமாண்ட் டிராஃப்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாட்டர்மார்க் தேடுகிறவன் நான். போதாததற்கு ஐந்து மீட்டர் கேட்டது நானே. இந்த வேகத்தில், நீளம் ஏற ஏறச் சமிக்ஞை தேய்ந்துகொண்டே போகும். இரண்டு மீட்டருக்குள் வாங்குவது உத்தமம். மூன்றைத் தாண்டினால் சான்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

எண்ணை நம்பி மானிட்டரும் வாங்க முடியாது. 2021 டிசம்பரில் ஒரு விஷயம் வெளியே வந்தது. ஹெச்டிஎம்ஐ அமைப்பின் கணக்கில் 2.0 என்று தனியாக எதுவும் இனி இல்லையாம், எல்லாம் 2.1-க்குள் அடக்கமாம், புது வசதிகள் கட்டாயமில்லையாம். அதாவது பழைய வேகமே உள்ள துளைக்கும் 2.1 என்று பெயர் வைக்கலாம். கிளையில் மினிமம் பேலன்ஸ் அக்கவுண்டை எல்லாம் 'பிரீமியம்' என்று பெயர் மாற்றி வைத்தால் ஆடிட்டர் விடுவாரா? பெட்டியில் பதிப்பு எண்ணைப் பார்க்காமல், எந்தத் துளையில் எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட்காரர்கள் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேபிளில் இருபதாவது ஊசி மின்சாரம் வருகிற ஊசி. சாதாரணக் கேபிளில் அந்தக் கம்பி இரண்டு முனையையும் இணைக்கவே கூடாது என்பது விதி. மலிவுக் கேபிள் சிலவற்றில் இணைத்துவிடுவார்கள். மானிட்டரிலிருந்து கரண்ட் கம்ப்யூட்டருக்குள் ஏறி, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். புது கேபிள் மாட்டியதிலிருந்து கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். வெசா சான்று பெற்ற கேபிளாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இப்போது டிபி40, டிபி80 என்று வேகத்தையே பெயராக வைத்துச் சான்று தருகிறார்கள். ஹெச்டிஎம்ஐயும் 2025-ல் 2.2 என்று வந்து, 9,600 கோடிக்கு 'அல்ட்ரா 96' என்று கேபிள் பெயரிலேயே எண் வைத்திருக்கிறது. இருபது வருஷம் கழித்துப் புத்தி வந்திருக்கிறது. நம் வீட்டு மானிட்டருக்கெல்லாம் அது தேவையில்லை. யாராவது விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து, 2015-க்குள் விஜிஏவுக்கு விடை கொடுத்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். போன வாரம் கிளையில் வழியனுப்பு விழாவுக்கு ப்ரொஜெக்டர் மாட்டினார்கள். நீல முனை, இரண்டு பக்கமும் திருகு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கேபிள் ஒன்றரை மீட்டர்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டாது. சிபியூவை மேஜைக்குக் கீழே இழுத்து வைத்தேன். பின்பக்கத் தூசியைத் துடைத்து, சாய்ந்த மூலையைப் பார்த்து, 'டக்' என்று கொக்கி விழுகிற வரை அழுத்தினேன். பையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்து டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தான். (அங்கே போய் மாற்றாவிட்டால் சரியான கேபிள் மாட்டினாலும் விண்டோஸ் பல நேரம் 60-லேயே உட்கார்ந்திருக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) 165-ஐத் தொட்டான். திரை ஒரு நொடி அணைந்தது. எனக்கு மூச்சு நின்றது. திரும்ப வந்தது.

மவுஸை வட்டமாகச் சுற்றினான். அம்புக்குறி விட்டு விட்டுத் தெரியவில்லை, எண்ணெய் மேல் போகிற மாதிரி போனது. என் நாற்பத்தைந்து வயதுக் கண்ணுக்கே தெரிந்தது.

"இதாம்ப்பா நான் சொன்னது" என்றான்.

"ஆமாடா, கூடம் கோணல்தான்" என்றேன். சிரித்தான். பதினோரு மாதம் கழித்து.

நாளை மறுநாள் பேக்கர்ஸ் வருகிறார்கள். மானிட்டர் அதன் பெட்டிக்குள் போய்விட்டது. தங்க எழுத்து ஐந்து மீட்டரைத் தங்கமணி மூட்டை கட்ட எடுத்துக்கொண்டாள், பரவாயில்லை, நல்ல உறுதி. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பெட்டியில் வைக்கவில்லை. எல்.ஐ.சி. பாலிசியும் சர்வீஸ் ரெக்கார்டும் இருக்கிற கைப்பையில் சுருட்டி வைத்திருக்கிறேன். ராய்ப்பூரில் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.